பேண்டேஜ் துணியில் ஒட்டிய நதி

புது தில்லி
14.9.1986

சிரஞ்சீவி காஞ்சனாவுக்கு அண்ணா சேஷு ஆசீர்வாதம் செய்து எழுதுவது. இங்கு நான், உன் மன்னி, அம்மா மூவரும் சௌக்கியம். அம்மாவுக்கு முழங்கால் வலி வழக்கம்போலத்தான். பகலெல்லாம் வலிக்கிறது என்பாள், டி.வி.யில் படம் போட்டால் மறந்துவிடுவாள். உன் உடம்பு எப்படி இருக்கிறது?

விஷயத்துக்கு வருகிறேன். வரும் கோடையில் நேபாளத்தில் இருக்கும் முக்திநாத்துக்குப் போவதென்று முடிவு செய்திருக்கிறேன். அப்பா கடைசிவரை சொல்லிச் சொல்லி ஏங்கிய இடம். நம் வீட்டுச் சாளக்கிராமம் பிறந்த கண்டகி நதி. இங்கே ஆபீசில் யாரைக் கேட்டாலும் பத்ரிவரை சொல்கிறார்கள், அதற்கு அப்பால் கையை விரிக்கிறார்கள். எனக்கோ வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்தாலும் தெரியாது. நீ இருபது வருஷமாகப் பூகோளம் நடத்துகிறவள். எந்தப் புத்தகம், எந்த வரைபடம் என்பதை நீயே தேர்ந்தெடு. நீ இல்லாமல் நான் எங்கே போவது? பள்ளிக்கூடம் மூடியதும் இங்கே வந்துவிடு, சேர்ந்தே கிளம்பலாம்.

அம்மா உன்னை வேளைக்குச் சாப்பிடச் சொல்கிறாள்.

சேஷு

---

ஸ்ரீவில்லிபுத்தூர்
22.9.1986

அன்புள்ள அண்ணாவுக்குக் காஞ்சனாவின் நமஸ்காரம். மன்னிக்கும் அம்மாவுக்கும் சொல்லவும். எனக்கு ஜலதோஷம் தவிர ஒரு குறையும் இல்லை. ஆண்டாள் பார்த்துக்கொள்கிறாள்.

உங்கள் கடிதத்தை டவுன் பஸ்ஸில் வைத்துப் படித்தேன். ராஜபாளையத்தில் பள்ளிக்கூட ஸ்டாப்பில் இறங்க வேண்டியவள் எங்கேயோ போய் இறங்கி, வேர்க்க விறுவிறுக்கத் திரும்பி நடந்து, பிரேயர் முடிந்த பிறகு உள்ளே நுழைந்தேன். தலைமை ஆசிரியை முறைத்தார். முறைத்துவிட்டுப் போகட்டும்.

வருஷா வருஷம் எட்டாம் வகுப்பில் சொல்கிறேன், இமயமலை ஒரு காலத்தில் கடலுக்கு அடியில் கிடந்தது என்று. அப்பா பூஜை செய்த சாளக்கிராமமே அதற்குச் சாட்சி. அது சுருண்டு கல்லாகிப்போன கடல் பிராணி. நம் வீட்டு வழக்கப்படி அது மூத்த பிள்ளையான உங்களோடு தில்லிக்கு வந்துவிட்டது. பெண்கள் தொடக் கூடாது என்று இருந்ததால் நான் அதைக் கையில் வைத்துப் பார்த்ததே இல்லை. பாடம் மட்டும் நடத்துகிறேன்.

சாளக்கிராமத்தை விலைக்கு வாங்கக் கூடாது என்பாரே அப்பா. எனக்கு அந்த ஆற்றில் இறங்கி, குனிந்து, ஒரு கல்லை என் கையால் எடுக்க வேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம். மோட்சத்தை நீங்கள் பங்கு போட்டுக்கொள்ளுங்கள்.

மன்னியின் சமையலை நினைத்தபடி,
காஞ்சனா

---

ஸ்ரீவில்லிபுத்தூர்
16.11.1986

அண்ணாவுக்கு நமஸ்காரம். இங்கே அடைமழை. உடம்பு நன்றாகவே இருக்கிறது. அங்கே குளிர் வந்துவிட்டதா? அம்மாவுக்கு முழங்காலில் கம்பளி சுற்றுகிறீர்களா?

புத்தகம் தேடி மதுரைவரை போய் வந்தேன். ஒரு வெள்ளைக்காரர் புத்தகத்தில் படங்கள் கண்ணைப் பறிக்கின்றன, கல்யாண ஆல்பம்போல. எந்த ஊர் எங்கே இருக்கிறது என்று ஒரு வரி கிடையாது. அதை வைத்துவிட்டேன். யாத்திரை போய் வந்த ஒருவர் தமிழில் எழுதிய புத்தகம் ராஜபாளையம் நூலகத்தில் கிடைத்தது. அவர் எல்லா ஊரிலும் பொங்கல் நன்றாக இருந்தது என்கிறார். வழி கேட்டால் பெருமாள் விட்ட வழி என்கிறார். கடைசியில் பழைய புத்தகக் கடையில் ஒரு புத்தகம் அகப்பட்டது. முப்பது வருஷத்துக்கு முன் நடந்தே போன ஒருவர் எழுதியது. ஓடை, பாலம், சத்திரம் எதையும் அவர் விடவில்லை. அட்டை போயிருந்தாலும் ஆள் நம்பகமானவர். அதைத்தான் வாங்கினேன்.

வரைபடத்துக்குக் காட்மாண்டுவில் உள்ள புத்தகக் கடை ஒன்றுக்கு எழுதிப்போட்டிருக்கிறேன். பெரிய வரைபடமாக வேண்டும். சின்னதில் மலையெல்லாம் பழுப்புக் கறையாகத் தெரியும், ஏறும்போதுதான் மலை என்று தெரியும்.

நீங்கள் லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டீர்களா? எனக்கும் சேர்த்து டிக்கெட் தில்லியிலேயே எடுத்துவிடுகிறீர்களா?

பதிலை எதிர்பார்க்கும்,
காஞ்சனா

---

புது தில்லி
20.12.1986

சி. காஞ்சனாவுக்கு ஆசீர்வாதம். எல்லோரும் நலம். குளிர் அதிகம். ஆபீசில் தலைக்கு மேல் வேலை, அதனால்தான் தாமதம்.

நீ புத்தகம் தேடிய விவரத்தை என் மாமனாரிடம் படித்துக் காட்டினேன். அசந்துபோனார். அவருக்கும் முக்திநாத் சேவிக்க வெகுநாளாக ஆசையாம். மாமியாருக்கும்தான். எங்கே தங்குவது, என்ன சாப்பாடு கிடைக்கும், வயதானவர்களுக்குக் குதிரை உண்டா என்பதையெல்லாம் விவரமாக எழுது. அப்படியே பார்த்ததுபோல எழுதுகிறாய். உன் எழுத்துக்கு ஈடு இல்லை.

மற்றபடி விசேஷம் ஒன்றும் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

சேஷு

---

ஸ்ரீவில்லிபுத்தூர்
25.1.1987

அண்ணாவுக்கும் மன்னிக்கும் அம்மாவுக்கும் நமஸ்காரம். பொங்கல் நல்லபடியாக ஆயிற்று. நான் செய்த சர்க்கரைப் பொங்கலை நானே சாப்பிட வேண்டியிருந்தது. அது ஒன்றுதான் குறை.

தனிப் பார்சலில் வரைபடம் வருகிறது. காட்மாண்டுவிலிருந்து வந்த காகிதம் இரண்டு தடவை மடித்தாலே மடிப்பில் கிழியும்போல இருந்தது. எங்கள் தையல் டீச்சர் சண்முகத்தாயின் வீட்டுக்காரர் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் தறி ஓட்டுகிறார். அவர் கொடுத்த வலைபோன்ற காஸ் துணியை இரண்டு மடிப்பாகப் போட்டு, மைதாப் பசையில் பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் கலந்து, பள்ளிக்கூட மேஜையில் வைத்து ஒட்டினோம். இனிமேல் எத்தனை தடவை மடித்தாலும் தாங்கும். சண்முகத்தாய் பசைக் கையோடு, "வரைபடத்துக்கு எம்புட்டுப் பாடு படுதிய டீச்சர்! டிக்கெட்டு வந்துட்டா?" என்று கேட்டாள். அண்ணா எடுத்திருப்பார் என்றேன். "எடுத்திருப்பாவளா, எடுத்துட்டாவளா?" என்றாள். அவள் எதையும் ஊசி முனையில்தான் கேட்பாள்.

போக்ராவரை பஸ். அங்கிருந்து சின்ன விமானமும் உண்டு, காற்றும் மேகமும் விட்டால்தான் பறக்கும். பிறகு ஆற்றோரமாக நடை. காலை பத்து மணிக்கு மேல் காற்று எழும். மாடு முட்டுவதுபோலப் பின்னாலிருந்து தள்ளும். தொப்பியைத் தாடையோடு கயிறு போட்டுக் கட்டிக்கொள்ள வேண்டும். வழியில் ஒரு கயிற்றுப் பாலம் உண்டு. ஒவ்வொருவராகத்தான் போக வேண்டும், நடுவில் கீழே பார்க்கக் கூடாது. கோயிலுக்குப் பின்னால் நூற்றெட்டு நீர்த்தாரைகள். தலையைக் கொடுத்தால் முதல் தாரையிலேயே மண்டை மரத்துவிடும்.

பாலத்தைத் தாண்டியதும் ஆறு அகன்று கிடக்கிறது. அங்கே சிவப்புப் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டிருக்கிறேன். நான் இறங்கப் போகிற இடம் அது. ராஜபாளையத்தில் கான்வாஸ் ஷூ வாங்கிவிட்டேன். வீட்டுக்குள் போட்டு நடந்து பழகுகிறேன். பக்கத்து வீட்டில் சிரிக்கிறார்கள்.

டிக்கெட் விஷயம் எழுதவும்.

அன்புடன்,
காஞ்சனா

---

ஸ்ரீவில்லிபுத்தூர்
19.3.1987

அண்ணாவுக்கு நமஸ்காரம். எல்லோரும் சுகம்தானே? பார்சல் கிடைத்ததா என்றுகூடத் தெரியவில்லை. யாருக்காவது உடம்பு சரியில்லையோ என்று கவலையாக இருக்கிறது.

ஒரு திருத்தம், முக்கியமானது. ராஜபாளையத்தில் ஒரு ராஜு குடும்பம் போன வருஷம்தான் முக்திநாத் போய் வந்திருக்கிறது. அந்த அம்மாளைப் போய்ப் பார்த்தேன். தெலுங்கு பாதி, தமிழ் பாதியாக எல்லாம் சொன்னார். நான் எழுதிய கயிற்றுப் பாலம் இப்போது இல்லை. வெள்ளம் அதை அடித்துக்கொண்டு போய்ச் சில வருஷம் ஆகிறதாம். "பாலமா? ரெண்டு கல் தூண்தான் நிக்குது. நாங்க ஆத்துக்குள்ளேயே எறங்கி நடந்தோம்" என்றார். அதனால் வரைபடத்தில் பாலத்தை அடித்துவிட்டு, ஆற்றுக்குள்ளேயே நடக்கிறபடி வழியைக் குறித்துக்கொள்ளவும். என் நம்பகமான ஆசாமி முப்பது வருஷத்துக்கு முந்தியவர் என்பதை நான் யோசித்திருக்க வேண்டும்.

அண்ணா, நேராகவே கேட்கிறேன். எனக்கு டிக்கெட் எடுத்தாயிற்றா? நான் எந்தத் தேதியில் கிளம்ப வேண்டும்? தலைமை ஆசிரியையிடம் லீவு நீட்டிப்புக்குச் சொல்ல வேண்டும். ஒரு கார்டு போதும்.

காஞ்சனா

---

புது தில்லி
18.4.1987

சி. காஞ்சனாவுக்கு ஆசீர்வாதம். பார்சல் கிடைத்தது. பிரமாதம். மாமனார் பார்த்துப் பார்த்து ஆச்சரியப்பட்டார்.

நம் சித்தப்பா பிள்ளை உப்பிலி இந்த மாதக் கடைசியில் ஊருக்கு வருகிறான். அம்மாவும் அவனோடு வருகிறாள். அவளுக்கு நம் ஊரைப் பார்க்க வேண்டும்போல இருக்கிறதாம், தில்லி வெயிலும் ஒத்துக்கொள்ளவில்லை. ஸ்டேஷனுக்குப் போய் அழைத்துக்கொள். முழங்காலுக்குத் தைலம் பெட்டியில் இருக்கிறது. மற்றவை அம்மா நேரில் சொல்வாள்.

அவசரத்தில் எழுதும்,
சேஷு

---

ஸ்ரீவில்லிபுத்தூர்
10.5.1987

அண்ணாவுக்கு நமஸ்காரம். அம்மா சௌக்கியமாக வந்து சேர்ந்தாள். ரயில் அலுப்பு தீர்ந்துவிட்டது. தைலம் தேய்க்கிறேன்.

அம்மாவின் பெட்டியைத் திறந்தபோதே எனக்குப் புரிந்துவிட்டது. ஊரைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவள் மழைக்காலப் போர்வையோடு வர மாட்டாள். அம்மா கோயிலுக்குப் போனாள், பால்கோவா வாங்கினாள், என்னைப் பார்க்காமல் பேசினாள். ஒருநாள் கீரை ஆய்ந்துகொண்டே, "அவாத்து மாமனார் மாமியாரையும் கூட்டிண்டு போறான்டீ. என்னால நடக்க முடியாது. என்னைத் தனியா எங்கே விடறது? நீ இருக்கேன்னுதான். நேர்ல நான் சொன்னா நீ கோவிச்சுக்க மாட்டேன்னான்" என்றாள். கீரையை ஆய்ந்து முடித்தபின்னும் வெறும் காம்பை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

எனக்கு வயிறு எரிகிறது. மறைக்கப்போவதில்லை. உங்கள் கடிதங்களையெல்லாம் எடுத்துத் திரும்பப் படித்தேன். 'காஞ்சனா, நீ வர வேண்டாம்' என்ற ஒரு வரி எங்கேயும் இல்லை. அதை எழுதக் கூச்சப்பட்டு, முழங்கால் வலிக்காரியை இரண்டு நாள் ரயிலில் ஏற்றி, அவள் வாயால் சொல்ல வைத்தீர்கள். எனக்குத் தெரியாமல் ஏற்பாடு நடந்ததைவிட, அது அம்மாவுக்குத் தெரிந்தே நடந்ததுதான் எனக்கு ஆறவில்லை. அவளிடம் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை. வேளாவேளைக்குக் காபி கேட்கிறாள்.

நீங்கள் இப்போது கிளம்பியிருப்பீர்கள். திரும்பி வந்துதான் இதைப் படிப்பீர்களோ என்னவோ. கிளம்பும் முன் கிடைத்தால் ஒன்றே ஒன்று செய்யுங்கள். சிவப்புக் குறி போட்ட இடத்தில் ஆற்றில் இறங்கி, எனக்காக ஒரு கல்லை எடுத்து வாருங்கள். சக்கரச் சுழி இல்லாத வெறும் கல்லானாலும் சரி. வாங்க வேண்டாம். எடுத்து வாருங்கள்.

பத்திரமாகப் போய் வரவும்.

காஞ்சனா

---

புது தில்லி
21.6.1987

சி. காஞ்சனாவுக்கு ஆசீர்வாதம். பெருமாள் கிருபையில் யாத்திரை முடித்து அனைவரும் க்ஷேமமாகத் திரும்பினோம். நாங்கள் கிளம்புகிற அன்றுதான் உன் கடிதம் கிடைத்தது. பிரயாண அலைச்சலில் பதில் போட முடியவில்லை. நீ மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாதே. எல்லாம் சந்தர்ப்பம்தான்.

என்ன சொல்ல, காஞ்சனா! நீ எழுதியது அத்தனையும் அப்படியே இருந்தது. பத்து மணிக்கு மேல் காற்று எழுந்தது. மாடு முட்டுவதுபோலப் பின்னாலிருந்து தள்ளியது. தொப்பியைத் தாடையோடு கயிறு போட்டுக் கட்டிக்கொண்டோம். கயிற்றுப் பாலத்தில் ஒவ்வொருவராகப் போனோம். நான் நடுவில் கீழே பார்க்கவே இல்லை. நூற்றெட்டுத் தாரையில் முதல் தாரையிலேயே மண்டை மரத்துவிட்டது. அடிக்கடி உன் வரைபடத்தை விரித்து விரித்துப் பார்த்தோம்.

நீ குறித்த இடத்தில் ஆற்றில் இறங்கி, உனக்காக என் கையால் எடுத்த கல்லை ரிஜிஸ்டர் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். தண்ணீர் ஐஸ்தான். இப்போது திருப்திதானே?

அம்மா இன்னும் கொஞ்சகாலம் அங்கேயே இருக்கட்டும்.

சேஷு

---

புது தில்லி
2.8.1987

அன்புள்ள காஞ்சனாவுக்கு மன்னி அரவிந்தவல்லி எழுதிக்கொண்டது. உன் சுகத்தையும் மாமியார் சுகத்தையும் அறிய ஆவல். ஆடிப்பூரத்துக்குத் தேர் பார்த்தீர்களா? எனக்கும் ஒரு வடம் பிடித்திருப்பாய் என்று நம்புகிறேன்.

யாத்திரையிலிருந்து வந்ததும் என் அப்பாவுக்கு மூச்சுத் திணறல். அவர் பாட்டையே பார்த்துக்கொண்டிருந்ததில் எழுத முடியவில்லை. போக்ராவிலேயே அவருக்கு ஆரம்பித்துவிட்டது. மேகமும் காற்றுமாக, நாங்கள் இருந்த வரையில் விமானம் ஒருநாள்கூடப் பறக்கவில்லை. நடந்து போகவும் முடியாது. முக்திநாத் இருக்கிற திக்கைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுக் காட்மாண்டுவுக்கு வந்துவிட்டோம். கொடுத்துவைக்கவில்லை. உன் கல்லை அங்கே கோயில் வாசல் கடையில் நான்தான் பார்த்து எடுத்தேன். பஞ்சு வைத்த பெட்டியில் கொடுத்தார்கள். சக்கரம் நன்றாகத் தெரிகிறதா?

அவ்வளவு அருமையாக நீ செய்த வரைபடத்தை இவர் எடுத்துக்கொண்டு வரவில்லை. பறந்து போகிறவர்களுக்கு மேப் எதற்கு என்றுவிட்டார். சுருட்டியது சுருட்டியபடி பீரோ மேல் இருக்கிறது. நான் பழந்துணி சுற்றி வைத்திருக்கிறேன்.

நீ வந்திருந்தால் எனக்கு ஒரு துணையாக இருந்திருக்கும். அம்மாவை யாரிடமும் விட்டுவிட்டு வர மாட்டேன் என்று நீ அடித்துச் சொல்லிவிட்டதாக இவர் சொன்னார். நான் என் அப்பா அம்மாவோடு சுற்றுகிறேன், நீ உன் அம்மாவுக்காக இருந்துவிட்டாயே என்று நினைத்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. பெரிய மனசு உனக்கு.

பதில் போடு.

மன்னி

---

ஸ்ரீவில்லிபுத்தூர்
13.9.1987

அண்ணாவுக்கு நமஸ்காரம். நானும் அம்மாவும் நலம். மன்னியின் அப்பாவுக்கு மூச்சுத் திணறல் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். மன்னியை நீங்கள் ஒன்றும் கேட்க வேண்டாம். அவர் எனக்குச் சாதாரணமாகப் போய் வந்த விவரம் எழுதினார். அவருக்கு வேறு எதுவும் தெரியாது.

மன்னி எழுதும் முன்பே எனக்குத் தெரியும். பாலத்தைத் தாண்டியதாக எழுதியிருந்தீர்களே, அந்தப் பாலத்தை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. மார்ச் மாதம் அதைத்தான் எழுதினேன். டிக்கெட் கேட்ட கடிதம் என்பதால் நீங்கள் முழுதும் படிக்கவில்லைபோல. உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மாதம் எனக்கு நானே சமாதானம் சொன்னேன். ஒருவேளை புதுப் பாலம் கட்டியிருப்பார்கள், ராஜு அம்மாள் வேறு வழியில் போயிருப்பார் என்று உங்களுக்காக நானே வக்கீல் வேலை பார்த்தேன். மாடு முட்டுவதுபோல என்று நான் வாசலில் போன மாட்டைப் பார்த்துவிட்டு எழுதிய வரி, அண்ணா. அது நேபாளத்திலிருந்து எனக்கே திரும்பி வந்தது.

போக முடியாததில் என்ன வெட்கம்? காற்றடித்தால் விமானம் பறக்காது. 'காஞ்சனா, நாங்களும் பார்க்கவில்லை' என்று எழுதியிருந்தால் உங்களுக்காக உட்கார்ந்து அழுதிருப்பேன். என்னை விட்டுவிட்டுப் போனீர்கள், பொறுத்துக்கொண்டேன். நான் வர மறுத்ததாக மன்னியிடம் சொன்னீர்கள், அதையும் விழுங்கியிருப்பேன். நான் ஆசையோடு உங்களுக்கு எழுதிக் கொடுத்ததை எடுத்து என்னையே ஏமாற்றியதுதான் தாங்கவில்லை. இருபது வருஷம் போகாத ஊருக்குப் பாடம் நடத்தினேனே, அதைப் பார்த்து இவளுக்கு இது போதும் என்று நினைத்துவிட்டீர்களா?

அக்டோபரில் காலாண்டு விடுமுறையோடு லீவும் சேர்த்து எடுத்திருக்கிறேன். முக்திநாத் போகிறேன். சண்முகத்தாய் துணைக்கு வருகிறாள். "எனக்குச் சாளக்கிராமமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம் டீச்சர். பனிய ஒரு தடவ கண்ணால பாக்கணும், அம்புட்டுத்தான். நானும் வாரேன்" என்றாள். விமானம் பறக்காவிட்டால் நடப்போம். ஷூ பழகிவிட்டது.

அம்மா எங்களோடு தில்லிவரை வந்து உங்கள் வீட்டில் இருப்பாள். நான் அவளைக் கேட்டுத்தான் எழுதுகிறேன். "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் என்ன தபால் மூட்டையாடீ?" என்று முதலில் கத்தினாள். அரைமணி கழித்து வந்து, "போயிட்டு வா. அவனண்டை நான் இருந்துக்கறேன்" என்றாள். தைலம் பெட்டியில் வரும். நீங்கள் அனுப்பிய கல்லும் அதே பெட்டியில், அதே பஞ்சில் வரும். அதை நான் தொடவில்லை. விலைக்கு வாங்கியது உங்களிடமே இருக்கட்டும்.

நாங்கள் வரும் ரயிலையும் தேதியையும் தனித் தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். அம்மாவை அழைத்துக்கொள்ள ஸ்டேஷனுக்கு வாருங்கள். வரும்போது பீரோ மேல் இருக்கும் வரைபடத்தைக் கொண்டுவந்து என் கையில் கொடுங்கள். பாலத்தை அடித்துத் திருத்த வேண்டும்.

மன்னி சொன்னால் நீங்களும் கூடக் கிளம்பலாம் என்று உங்களுக்கு ஒரு யோசனை வரும். உங்கள் சுபாவம் எனக்குத் தெரியும். அண்ணா, நீங்கள் எங்களோடு வர வேண்டாம்.

பாருங்கள், எழுதிவிட்டேன். ஒரே வரிதான்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

காஞ்சனா